பல்கலைக்கழகப் புதுமுக மாணவரும் அவர்க்குத் துணைநின்றோரும்: ஈழத்து உயர்கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

தோற்றுவாய்

பல்கலைக்கழகமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் சட்டங்களையும், துணைவேந்தர்களின் பணிகளையும், பீடங்களின் பெருக்கத்தையும், பட்டமளிப்பு விழாக்களையுமே பெரும்பாலும் எழுதிச் செல்வர். முதலாண்டில் வந்து சேர்ந்த மாணவர் அந்த ஆண்டை எவ்வாறு கடந்தனர், அவர்க்குத் தங்க இடம் கொடுத்தவர் யார், விளங்காத பாடத்தை விளக்கியவர் யார், வீட்டு நினைவு வாட்டிய பொழுதில் ஆறுதல் கூறியவர் யார் என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளிற் சிறுபான்மையே இடம்பெறுகின்றன. எனினும் ஒரு பல்கலைக்கழகம் தனது கடமையைச் செய்கின்றதா என்பதை அறிய இவ்வினாக்களை விடச் சிறந்த உரைகல் வேறில்லை எனலாம். அனுமதி பெற்ற மாணவர் அனைவரும் பட்டம் பெற்று வெளியேறுவதில்லை. இடைநடுவிற் கல்வியைக் கைவிட்டோர் பலர், பாடத்தின் கடினத்தினாலன்றித் தனிமையினாலும் அச்சத்தினாலும் வறுமையினாலுமே விலகிச் சென்றுள்ளனர்.

ஈழத்திற் பல்கலைக்கழகக் கல்வி தொடங்கிய நாளிலிருந்து புதுமுக மாணவர்க்கு எவ்வெவ்வகையிலே துணை கிட்டியது என்பதையும், அத்துணை காலந்தோறும் மாறியதற்கான காரணங்களையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பிலே தொடக்கம்

இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்ற கோரிக்கை 1906 ஆம் ஆண்டில் அமைந்த இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் வழியாக உருப்பெற்றது. சேர் பொன்னம்பலம் அருணாசலம், சேர் ஜேம்ஸ் பீரிஸ், சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ ஆகியோர் அதன் முன்னோடிகள். அக்கோரிக்கையின் முதற் பயனாக 1921 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி கொழும்பில் நிறுவப்பட்டது. அது தானாகப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றிருக்கவில்லை. மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர்.

அக்காலத்து மாணவர் தொகை மிகச் சிறியது. அவர்களுட் பெரும்பாலோர் நகர்ப்புறத்து ஆங்கிலப் பாடசாலைகளிற் பயின்றவர்கள். வகுப்பறை மொழி அவர்க்குப் புதிதன்று. கொழும்பில் வீடோ உறவினரோ உடையோர் பலர். ஆதலாற் புதுமுக மாணவர்க்குத் துணை என்பது அக்காலத்தில் தனியொரு பிரச்சினையாக எழவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த சிலரே விடுதிகளையும் ஊரவர் வீடுகளையும் நாடினர். அத்தகைய மாணவர் ஒன்றுகூடும் இடமாக அமைந்தவற்றுள் முதன்மையானது தமிழ்ச் சங்கமாகும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை எழுதிய நாடகங்கள் மாணவராலேயே மேடையேற்றப்பட்டன. அவற்றுள் நான்கு 1940 ஆம் ஆண்டில் 'நானாடகம்' என்னும் நூலாக வெளிவந்தன. வகுப்பிலே ஆங்கிலமன்றி வேறு மொழி ஒலிக்காத அந்நாளில், யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு மொழி மேடையில் ஒலித்தமை ஊரைப் பிரிந்து வந்த இளைஞர்க்கு எத்துணை ஆறுதல் அளித்திருக்கும் என்பதை ஊகித்தறியலாம்.

1942 ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அப்பொழுது அதன் மாணவர் தொகை 904 மாத்திரமே. துணைவேந்தராகப் பொறுப்பேற்ற சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களின் உள்ளத்திலே தொடக்கத்திலிருந்தே ஓர் இலட்சியம் இருந்தது. அதுவே வதிவிடப் பல்கலைக்கழகம் என்பது.

கல்லிலே கட்டப்பட்ட துணை

பல்கலைக்கழகம் கொழும்பிலே அமைய வேண்டுமா, கண்டிப் பகுதியிலே அமைய வேண்டுமா என்னும் வாதம் ஏறக்குறையப் பத்தாண்டு காலம் நீடித்தது. 'இடங்களின் போர்' என வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பிடுவர். கண்டிப் பகுதியை ஆதரித்தோருள் டி. ஆர். விஜயவர்த்தன முதன்மையானவர். நகரின் ஆரவாரத்திலிருந்து விலகி, ஆசிரியரும் மாணவரும் ஒரே சூழலில் வாழ்ந்து பயில வேண்டும் என்பதே அத்தரப்பின் வாதம். 1938 ஆம் ஆண்டிற் பேராதனை தெரிவு செய்யப்பட்டது. சேர் பற்றிக் அபர்குரொம்பி, கிளிபர்ட் ஹொலிடே ஆகியோர் வரைந்த திட்டத்தைக் கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் செயற்படுத்தினார். 1952 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கலைப்பீடம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1954 ஆம் ஆண்டு ஏப்பிரல் 20 ஆந் திகதி முறைப்படியான திறப்பு விழா நடைபெற்றது.

பேராதனையின் விடுதிகள் வெறும் உறைவிடங்களாகக் கருதப்படவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அருணாசலம், ஜயதிலக்க, மார்ஸ், ஜேம்ஸ் பீரிஸ், இராமநாதன், சங்கமித்தா, ஹில்டா ஒபயசேகர எனப் பெயர் பெற்ற மண்டபங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தார். அவர் விரிவுரையாளர் குழுவைச் சேர்ந்தவர். பொது உணவு மண்டபம், பொது அறை, விளையாட்டு, விவாதம் ஆகிய அனைத்தும் அம்மண்டப வாழ்வின் கூறுகள். ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கல்லூரி வாழ்வே இதற்கு முன்மாதிரி. புதிதாக வந்த மாணவர் சுகவீனமுற்றாலும், வீட்டிலிருந்து துயரச் செய்தி வந்தாலும், படிப்பிற் பின்தங்கினாலும் அதனை அறிந்துகொள்ளும் ஒரு பெரியவர் அதே கூரையின் கீழ் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வமைப்பின் உட்பொருள். துணை என்பது கல்லிலே கட்டப்பட்டிருந்தது என்று கூறினும் மிகையாகாது.

இவ்வமைப்பின் குறைகளையும் மறைத்தலாகாது. அது சிறு தொகையினர்க்காக அமைக்கப்பட்டது. ஆங்கில நடையுடை பாவனைகளை இயல்பெனக் கொண்டது. கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணுதல் முதலிய வழக்கங்கள் கிராமத்து மாணவர் பலருக்கு முதல் நாளிலேயே கூச்சத்தை விளைத்தன. இன்னாரை அரவணைக்க வேண்டுமென எண்ணிக் கட்டப்பட்ட மண்டபம், எண்ணாத ஒருவர் வந்து வாயிலில் நின்றபொழுது தடுமாறியது.

இலவசக் கல்வியும் தாய்மொழியும்

எண்ணாத அம்மாணவர் யாவர்? 1945 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் செயற்படத் தொடங்கிய இலவசக் கல்வித் திட்டத்தின் பிள்ளைகளே அவர்கள். சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெயரோடு இணைந்த அத்திட்டமும், நாட்டின் பல பாகங்களிலும் எழுந்த மத்திய கல்லூரிகளும் கமக்காரர், கடற்றொழிலாளர், சிறு உத்தியோகத்தர் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் வாயிலைத் திறந்தன. 1959 ஆம் ஆண்டில் வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1960 ஆம் ஆண்டிற் சிங்களத்திலும் தமிழிலும் பயின்ற மாணவர் கலைப்பீடத்தில் அம்மொழிகளிலேயே கல்வியைத் தொடரும் வாய்ப்பைப் பெற்றனர்.

இம்மாற்றம் இரு முகங்களை உடையது. ஒருபுறம், பல்கலைக்கழகம் முதன்முறையாக மக்களின் உடைமையாயிற்று. மறுபுறம், புதுமுக மாணவர் எதிர்கொண்ட இடர்கள் பன்மடங்காயின. விரிவுரை தாய்மொழியில் நடைபெற்றது. ஆயின் நூலகத்தின் நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. குடும்பத்திலே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த பிள்ளைக்கு, அங்கு எவ்வாறு படிப்பது, யாரிடம் எதைக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் எவருமிலர். தந்தை அனுப்பும் சிறு தொகைக்கு வீட்டில் ஒருவர் உணவைக் குறைத்திருப்பார் என்ற எண்ணம் பலரை வாட்டியது. தொகை பெருகவே, ஒருவர்க்கென அமைந்த அறையில் இருவரும் மூவரும் தங்கினர். விடுதிப் பொறுப்பாளர் ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி அறிந்திருந்த காலம் மெல்ல மறைந்தது.

1970 களின் முற்பகுதியில் அறிமுகமான தரப்படுத்தலும் 1974 ஆம் ஆண்டின் மாவட்ட அடிப்படையிலான அனுமதியும் நம்மவரிடையே நீங்காத வடுவை ஏற்படுத்தின. யாழ்ப்பாணத்து மாணவர் பலர் உரிய புள்ளிகளைப் பெற்றும் இடமிழந்தனர். அதே வேளையில் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய மாவட்டங்களிலிருந்தும், கல்வி வசதி குன்றிய சிங்களக் கிராமங்களிலிருந்தும் முன்னர் வாராத மாணவர் வந்தனர். மலையகத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமையும் அப்பத்தாண்டிலேதான். அப்பாடசாலைகளின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தை அடைய மேலும் நெடுங்காலம் சென்றது. அனுமதி முறையின் நீதி அநீதி பற்றிய விவாதம் வேறு. அனுமதி பெற்று வந்தவரை நிலைநிறுத்தும் கடமை வேறு. முதலாவதைப் பற்றி நிரம்பப் பேசிய நாம் இரண்டாவதைப் பற்றிக் குறைவாகவே பேசியுள்ளோம்.

சங்கமும் அரங்கும்

கட்டடம் தடுமாறிய இடத்தில் மாணவரே ஒருவர்க்கொருவர் துணையாயினர். இதுவே நமது வரலாற்றின் சிறந்த பக்கம் எனக் கருதலாம்.

வடக்கிலிருந்து பேராதனைக்கு வரும் மாணவர் புகையிரதத்திற் பொல்காவலைக்கு வந்து கண்டி வண்டிக்கு மாறுதல் வேண்டும். மட்டக்களப்பு மாணவர் மாகோ வழியாக வருவர். 1956 ஆம் ஆண்டில் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கிய பின் வடக்கின் பயணம் எளிதாயிற்று. அப்பயணங்களிலே மூத்த மாணவரும் புதிய மாணவரும் அறிமுகமாவதும், எந்த நூலை முதலிற் படிக்க வேண்டும், எந்தச் சிற்றுண்டிச்சாலையிற் செலவு குறைவு என்பன போன்றவற்றை அறிவதும் இயல்பாக நிகழ்ந்தன. தமிழ்ச் சங்கம், இந்து மாணவர் சங்கம், கிறித்தவ மாணவர் அமைப்புகள், முஸ்லிம் மஜ்லிஸ் ஆகியன அவ்வறிமுகத்தை உறவாக வளர்த்தன. மலைச் சரிவிலே அமைந்த குறிஞ்சிக்குமரன் ஆலயம் வழிபாட்டிடமாக மட்டுமன்றி, வாரத்தில் ஒருநாள் ஊர் முகங்களைக் காணும் இடமாகவும் விளங்கியது.

இவ்வகையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் நாடகப் பணி தனியே குறிப்பிடத்தக்கது. மட்டக்களப்பின் கூத்து மரபை மாணவரைக் கொண்டு நவீன மேடைக்கு ஏற்றவகையில் அவர் தயாரித்தார். 'கர்ணன் போர்' 1962 ஆம் ஆண்டிலும், 'இராவணேசன்' 1964 ஆம் ஆண்டிலும், 'வாலி வதை' 1967 ஆம் ஆண்டிலும் மேடையேறின. கலை வரலாற்றாசிரியர் இவற்றை ஈழத்து நாடக மறுமலர்ச்சியின் படிகளாகக் கொள்வர். ஆயின் இவற்றுக்கு வேறொரு பயனும் உண்டு. பேராதனை மண்டபங்களின் ஆங்கில நாகரிகத்தின் முன் கிராமத்து மாணவர் தமது ஊரை மறைத்துக்கொள்ள விரும்பிய காலம் அது. ஊரிலே கண்டும் ஆடியும் பழகிய வடமோடி ஆட்டம் பல்கலைக்கழகத்தின் பெருமையாக மாறியபொழுது, அதைக் கொண்டுவந்த மாணவர் தலைநிமிர்ந்தனர். வந்தாறுமூலை மத்திய கல்லூரியிற் பயின்று பேராதனைக்கு வந்த சி. மௌனகுரு 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடிப் பெயர்பெற்றமையும், பின்னர் பேராசிரியராக அக்கலையை வளர்த்தமையும் யாவரும் அறிந்ததே. மாணவரைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றவாறு மாற்றுவதே பொதுவழக்கு. இங்கோ பல்கலைக்கழகம் மாணவர்க்கு ஏற்றவாறு சிறிது மாறியது.

எழுத்துத் துறையிலும் இதனைக் காணலாம். செங்கை ஆழியான், செம்பியன் செல்வன் முதலியோர் மாணவராயிருந்த 1960 களின் முற்பகுதியிற் பேராதனை மாணவரின் சிறுகதைகள் தொகுதிகளாக வெளிவந்தன. 'கதைப்பூங்கா' அவற்றுள் ஒன்று. தனது அனுபவம் எழுதத்தக்கது என்று ஒரு மாணவர் உணர்வது, அவ்வனுபவத்தின் சுமையைப் பாதி இறக்கி வைப்பதற்கு ஒப்பாகும்.

படிப்புத் துறையில் மாணவர் அமைத்துக்கொண்ட துணையும் உண்டு. மூத்த மாணவரோ, அதே அணியில் விளங்கிக்கொண்டவரோ ஏனையோரை இருத்திப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இன்றும் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் நிலவுகின்றது. மாணவர் வழக்கில் அது 'குப்பி' எனப்படும். போத்தலிலே திரியிட்டு ஏற்றும் குப்பி விளக்கை வைத்து அப்பெயர் வந்ததென்பர். பெயர் எவ்வாறு வந்ததாயினும், பரீட்சைக்கு முந்திய இரவுகளில் அவ்விளக்கு எத்தனையோ பேரைக் கரைசேர்த்துள்ளது.

பகிடிவதை

மூத்தோர் துணை என்னும் இம்மரபின் அருகிலேயே அதன் நிழலாக வேறொரு வழக்கமும் வளர்ந்தது. அதுவே பகிடிவதை. ஆங்கிலக் கல்வி நிலையங்களிலிருந்து வந்த கேலி விளையாட்டாகத் தொடங்கியது, காலப்போக்கில் வதையாக முற்றியது. 1975 ஆம் ஆண்டிற் பேராதனையிலே பகிடிவதைக்கு அஞ்சி விடுதியின் மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் வாழ்நாள் முழுவதும் நடமாட இயலாதவரானார். 1997 ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அதற்கடுத்த ஆண்டில் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. பகிடிவதையிற் பங்குகொள்வோர்க்கு இரண்டு ஆண்டுகள் வரையிலும், கடுங்காயமோ பாலியற் கொடுமையோ விளைவிப்போர்க்குப் பத்து ஆண்டுகள் வரையிலும் சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடமளிக்கின்றது. சட்டம் வந்த பின்னரும் வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

பகிடிவதையை ஆதரிப்போர் கூறும் நியாயங்களைச் செவிமடுத்தே மறுத்தல் வேண்டும். செல்வரும் வறியரும், நகரத்தாரும் கிராமத்தாரும் என்னும் வேற்றுமையை அது அழிக்கின்றது என்பர். கூச்சமுள்ளவரைப் பேசவைக்கின்றது என்பர். அணியில் ஒற்றுமையை வளர்க்கின்றது என்பர். மூத்தோரின் குறிப்புகளும் உதவிகளும் அதன்வழியே கிடைக்கின்றன என்பர். இறுதிக் கூற்றிலேதான் உண்மையான இடர் தங்கியுள்ளது. உதவி கிடைக்க வேண்டுமாயின் முதலில் அவமானத்தை ஏற்றுக்கொள் என்னும் நிபந்தனை அங்கே விதிக்கப்படுகின்றது. உதவி மிகத் தேவைப்படுபவர் யார்? பணமில்லாதவர், ஆங்கிலம் தெரியாதவர், அறிமுகமற்றவர். நிபந்தனைக்கு மறுப்புக் கூற இயலாதவரும் அவரே. ஆகவே வேற்றுமையை அழிப்பதாகக் கூறும் வழக்கம் எளியவரையே மிகுதியாக அழுத்துகின்றது.

மேலே கண்ட வரலாறு இவ்வாதத்துக்கு வேறொரு விடையையும் தருகின்றது. ஒற்றுமையும் துணிவும் வதையின்றி வளர்ந்தமைக்கு நமது பல்கலைக்கழகங்களிலேயே சான்று உண்டு. கூத்து ஒத்திகையிலே கொழும்பு மாணவரும் வந்தாறுமூலை மாணவரும் ஒரே தாளத்துக்கு ஆடினர். கூச்சமுள்ளவர் மேடையிலே குரல் எழுப்பக் கற்றனர். எவரையும் முழந்தாளில் நிறுத்த வேண்டிய தேவை அங்கு இருக்கவில்லை.

ஊரே விடுதியாதல்

1974 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் தொடங்கப்பட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் கட்டடங்களே அதன் முதல் இல்லம். பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். பேராதனையைப் போன்று மண்டபங்களைக் கட்டிவிட்டு மாணவரை அழைக்கும் வாய்ப்பு அங்கு இருக்கவில்லை. மாணவர் பலர் வீட்டிலிருந்தே துவிச்சக்கர வண்டியில் வந்தனர். தூரத்திலிருந்து வந்தோர் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் வீடுகளில் அறை பெற்றுத் தங்கினர். பேராதனையில் விடுதிப் பொறுப்பாளர் செய்த பணியை இங்கு அயல்வீட்டு அன்னையர் செய்தனர். தொடக்க ஆண்டுகளிற் சிங்கள மாணவரும் அங்கு பயின்றனர் என்பதை இன்றைய தலைமுறையிற் பலர் அறியார்.

இனப்பகை அவ்வுறவைக் குலைத்தது. 1977 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதக் கலவரத்தை அடுத்துச் சிங்கள மாணவர் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினர். 1983 ஆம் ஆண்டு மே மாதத்திற் பேராதனையிலே தமிழ் மாணவர் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு வெளியேற நேர்ந்தது. யூலைக் கலவரத்தின் பின் தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்ப அஞ்சியோர் பலர். 1980 களின் இறுதியில் தெற்கின் கிளர்ச்சியினாற் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மூடிக்கிடந்தன. அனுமதி பெற்றவர் முதலாம் ஆண்டு வகுப்பிற் காலடி வைக்க ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். கட்டடமும் சட்டமும் இருந்தும், அயலவர் பகைவராகும்பொழுது துணை என்பது முற்றாக அற்றுப்போகும் என்பதை இவ்வாண்டுகள் உணர்த்தின.

கிழக்கில் 1981 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, முன்னர் நாம் குறிப்பிட்ட அதே வந்தாறுமூலைப் பாடசாலை வளவிலே தொடங்கியது. அது 1986 ஆம் ஆண்டிற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஒரு தலைமுறையைப் பேராதனைக்கு அனுப்பிய கிராமம், அடுத்த தலைமுறைக்குத் தானே பல்கலைக்கழகமாயிற்று. 1996 ஆம் ஆண்டிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலைத் தளமாகக் கொண்டும், 2021 ஆம் ஆண்டில் வவுனியாப் பல்கலைக்கழகமும் எழுந்தன. போர் முடிந்த பின் யாழ்ப்பாணத்திலே சிங்கள மாணவரும், தெற்கிலும் ஊவாவிலும் சப்பிரகமுவாவிலும் தமிழ் மாணவரும் மீண்டும் பெருந்தொகையாகப் பயில்கின்றனர். எனினும் 2016 ஆம் ஆண்டு யூலையில் யாழ்ப்பாணத்து விஞ்ஞான பீடத்திலே புதுமுக மாணவரை வரவேற்கும் நிகழ்விலேயே, எந்த நடனத்தோடு வரவேற்பது என்பதில் முரண்பாடு எழுந்து மோதலாக முடிந்தது. விருந்தினராக வந்த புதியவரின் நலன் அங்கு மூத்தோரின் பிணக்கிலே மறைந்துபோயிற்று.

அரசும் நிருவாகமும்

மாணவரின் வறுமைக்கு அரசு அளித்த விடைகளுள் முதன்மையானது மகாபொல புலமைப்பரிசிலாகும். லலித் அத்துலத்முதலி அவர்களின் முயற்சியால் 1981 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் அதற்கென நம்பிக்கை நிதியம் அமைந்தது. அதற்குப் புறம்பாக உதவுதொகையும் வழங்கப்படுகின்றது. மகாபொலப் பணத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிய மாணவரும் உளர். ஆயினும் விலைவாசி ஏறும் வேகத்துக்கு அத்தொகை ஈடுகொடுத்ததில்லை என்பதை 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி காலத்து மாணவர் நன்கறிவர்.

பல்கலைக்கழகங்கள் பீடந்தோறும் மாணவ ஆலோசகர்களை நியமித்துள்ளன. புதுமுக மாணவர்க்குத் திசைமுகப்படுத்தற் பயிற்சியும் ஆங்கில வகுப்பும் நடத்தப்படுகின்றன. சுகாதார நிலையங்களில் மருத்துவர் உளர். ஆயின் 904 மாணவரோடு தொடங்கிய பல்கலைக்கழகக் கல்வி இன்று பதினேழு அரச பல்கலைக்கழகங்களாக விரிந்து, அண்மைய ஆண்டுகளில் ஓராண்டுக்கு 40,000 க்கும் மேற்பட்டோர் அனுமதி பெறும் நிலையை அடைந்துள்ளது. ஆலோசகரின் கதவு திறந்திருக்கின்றது. அதைத் தட்டலாம் என்று புதியவர்க்குச் சொல்வோர் வேண்டும். 2020 ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் பரவியபொழுது வகுப்புகள் இணையவழிக்கு மாறின. அக்காலத்தில் அனுமதி பெற்றோர் சக மாணவரின் முகத்தைத் திரையிலன்றி நேரிற் காணாமலே மாதக்கணக்காகப் படித்தனர். பாடக் குறிப்புகள் அவர்க்குக் குறைவின்றிக் கிடைத்தன. ஆயினும் தனிமை அவர்களை வருத்தியது. மாணவரை நிலைநிறுத்துவது குறிப்புகள் மட்டுமன்று என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, துணைநின்ற ஒவ்வோர் அமைப்பும் தன் காலத்து மாணவரின் தொகையையும் தன்மையையும் கருதி எழுந்தது; அவை மாறியபொழுது அவ்வமைப்புப் போதாதாயிற்று. ஆகவே இன்று வரும் மாணவர் யாவர் என்பதை ஒவ்வோராண்டும் புதிதாகக் கேட்டறிதல் வேண்டும். தோட்டத்து லயத்திலிருந்து வருபவரின் தேவையும், முல்லைத்தீவில் இடப்பெயர்வுக்குள் பிறந்தவரின் தேவையும், ஆங்கில மொழிமூலத்துக்கு முதன்முறையாக மாறும் விஞ்ஞான மாணவரின் தேவையும் ஒன்றல்ல. இரண்டாவது, நிருவாகத்தின் கை எட்டாத இடங்களில் மாணவர் கையே எட்டியது. மூன்றாவது, மூத்தோர் மரபில் உதவியும் வதையும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. பிணைப்பை அறுத்து உதவியை மட்டும் எடுத்துக்கொள்வது நமது தலைமுறையின் கடமை.

அக்கடமை பெருஞ்செலவு வேண்டுவதன்று. தமிழ்ச் சங்கம் போன்ற ஓர் அமைப்பு, புதியவர் ஒவ்வொருவர்க்கும் மூத்தவர் ஒருவரை எவ்வித நிபந்தனையுமின்றி ஒப்படைக்கலாம். முதலாம் பருவத்திலேயே குப்பி வகுப்புகளை ஒழுங்காக நடத்தலாம். உதவுதொகை விண்ணப்பத்தை நிரப்பவும், சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட அறிவித்தலை விளங்கவும் துணைபுரியலாம். விரிவுரைக்குத் தொடர்ந்து வாராதவரின் அறைக்கு ஒருவர் சென்று நலம் விசாரிக்கலாம். தூக்கமின்மையாலும் மனச்சோர்வாலும் வருந்துபவரை ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ உடன் அழைத்துச் செல்லலாம். காய்ச்சலுக்கு மருந்து கேட்க வெட்கப்படாத நாம், மனத்தின் நோய்க்கு மட்டும் வெட்கப்படுவதில் நியாயமில்லை.

புதுமுக மாணவர்க்கும் ஒரு சொல் கூறுதல் தகும். தடுமாற்றம் உங்கள் தகுதியின்மையைக் காட்டுவதன்று. 1952 இல் அருணாசலம் மண்டபத்தில் அறை பெற்றவரும், 1960 இற் தமிழ்மொழி மூலம் முதல் விரிவுரையைக் கேட்டவரும், 1974 இல் பரமேசுவராக் கல்லூரி வளவுக்குள் நுழைந்தவரும் தத்தமக்குரிய தடுமாற்றங்களோடேயே வந்தனர். அவர்கள் தனித்து நின்று வென்றவரல்லர். எவரோ ஒருவரிடம் கேட்டனர். எவரோ ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கேளுங்கள். அடுத்த ஆண்டு உங்களிடம் ஒருவர் கேட்க வருவார்; அவரிடம் எதனையும் எதிர்பாராது சொல்லிக்கொடுங்கள்.